பிறருக்காகத் தேர்வு எழுதச் செல்பவர்களைத் தொடர வைப்பது எது?

கேள்வி: முதலாமாண்டு மாணவி

வணக்கம். பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் ‘சொல்வதை எழுதுபவராக’ச் செல்லும் தன்னார்வலர் குழு ஒன்றில் அண்மையில் சேர்ந்தேன். சென்ற பருவத் தேர்வில், இளங்கலை வரலாறு இறுதியாண்டு படிக்கும் ஒருவருக்காக எழுதினேன். மூன்று மணி நேரத் தாளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் தருவதால், முடிக்கும்போது விரல்கள் மரத்துப்போயின. பணமும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆயினும் குழுவில் பலர் ஆண்டுக்கணக்கில் வருகிறார்கள். அவர்களை வரவழைப்பது இரக்கமா, புண்ணியமா, வேறு ஏதேனுமா?

பதில்: தாம்பரம் இல்லத்தரசி

தங்கைக்கு வணக்கம். நான் பிளஸ் டூவுடன் படிப்பை நிறுத்தியவள். தேர்வர் தாமே அழைத்துவரும் எழுத்தரின் கல்வித்தகுதி, தேர்வரின் தகுதியைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறை. கல்யாண வீடுகளில் “மேலே ஏன் படிக்கவில்லை?” என்ற கேள்வியைக் கேட்டே பழகிய எனக்கு, படிப்பு குறைவாக இருப்பதே தகுதியாக அமைந்த ஒரே இடம் அந்தத் தேர்வறைதான். புண்ணியம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால், பட்டப்படிப்பின் கேள்வித்தாளைக் கையில் பிடித்து வாசிக்கக் கிடைக்கும் அந்த நேரத்துக்காகத்தான் போகிறேன். பணவீக்கம் என்றால் என்னவென்று எனக்குத் தெளிவாகப் புரிந்ததே ஒரு மாணவி விடை சொல்லச் சொல்ல எழுதியபோதுதான்.

பதில்: வங்கி ஊழியர்

நான் மேசையின் மறுபக்கம் அமர்ந்தவன். பள்ளிப் பொதுத்தேர்வில் நான் சொல்வதை எழுத ஆசிரியர் ஒருவரை நியமித்துவிட்டார்கள். கல்லூரியில் நாங்களே ஆள் தேட வேண்டியிருந்தது. தேர்வுக்கு முந்தைய இரவு மற்றவர்கள் பாடத்தைப் புரட்டிக்கொண்டிருக்கையில், வருவதாகச் சொன்னவர் வருவாரா என்று நான் தொலைபேசியில் உறுதிசெய்துகொண்டிருப்பேன்.

நல்ல எழுத்தர் வினாத்தாள் முழுவதையும் மதிப்பெண்களோடு ஒருமுறை வாசித்துவிட்டு, எதை முதலில் எழுதுவது என்ற முடிவை என்னிடம் விட்டுவிடுவார்; கேட்டால், எழுதியதைத் திரும்பப் படித்துக்காட்டுவார். 1857 என்பதை நான் 1875 என்று சொன்னால், குரலில் எதையும் காட்டாமல் 1875 என்றே எழுதுவார். “ம்…” என்று சற்று இழுத்தாலும் எனக்குப் புரிந்துவிடும். இரக்கப்பட்டு வருபவர்களுக்கு இதுதான் முடிவதில்லை. உதவுவதாக எண்ணித் திருத்திவிடுகிறார்கள். அப்படிக் கிடைத்த மதிப்பெண்ணை நான் எப்படி என்னுடையது என்பேன்? மற்றபடி, அவர்கள் எந்த நோக்கத்தோடு வந்தாலும் எனக்குக் கவலையில்லை, அரை மணி நேரம் முன்னதாக வந்துவிட்டால் போதும்.

கேள்வி கேட்டவர்

நன்றி அக்கா, நன்றி ஐயா. தவறான விடை என்று தெரிந்தும் கை நிற்காமல் எழுதியதுதான் அன்று எனக்கு மிகக் கடினமாக இருந்தது. விரல் வலிகூட அதற்குப் பிறகுதான்.

பதில்: குழு ஒருங்கிணைப்பாளர்

நோக்கம் முக்கியமில்லை என்று ஐயா சொல்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. நெகிழ்ந்து வருபவர்களில் பலர் அடுத்த பருவத்தில் தொலைபேசியை எடுப்பதில்லை. தோழி கூப்பிட்டாள் என்று வந்தவர்களோ, இப்போது தாங்களே நான்கு பேரை அழைத்துவருகிறார்கள். ஆள் தேடி அலையும் எனக்கு இந்த வேறுபாடு பெரியது. முதலாமாண்டு மாணவிக்கு ஒரு வேண்டுகோள்: நவம்பர் தேர்வுகளுக்கு, குறிப்பாகப் பிற்பகல் தாள்களுக்கு, ஆள் குறைவாக இருக்கிறது. உங்களுக்குத் தேர்வோ வகுப்போ இல்லாத நாட்களைத் தெரிவியுங்கள்.