விசுவாசிக்க வைக்கத்தான் எழுதினேன்னு யோவானே சொல்றாரே, அப்போ அதை எப்படி நம்புறது?

கடலோரத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க சபை வாலிபர் கூட்டத்துல யோவான் சுவிசேஷம் ஓடிட்டு இருக்கு, இப்போ 20ஆம் அதிகாரம் முடிச்சிருக்கோம். அதோட கடைசி ரெண்டு வசனம்தான் பிரச்சனை. இயேசு வேற எத்தனையோ அற்புதங்கள் செஞ்சார், அதெல்லாம் இந்தப் புஸ்தகத்துல இல்ல, நீங்க விசுவாசிக்கணும்னு இதை மட்டும் எழுதியிருக்குன்னு அவரே சொல்லிடுறாரு. இதை என்கூட வேலை பாக்குற ஃப்ரெண்டுகிட்ட காட்டினேன், அவன் கிறிஸ்தவன் இல்ல, படிச்சிட்டு சிரிச்சான். "எழுதினவரே எதுக்கு எழுதினேன்னு ஒத்துக்கிட்டார், வேணுங்கிறதை வச்சிட்டு மத்ததை விட்டுட்டேன்னும் சொல்றார், அப்புறம் விளம்பரத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்"னு கேக்குறான்.

இன்னொன்னு, அதுக்கு முந்தின வசனத்துலதான், காயத்தைத் தொட்டுப் பாத்தாதான் நம்புவேன்னு சொன்ன சீஷன் தோமாகிட்ட, காணாம விசுவாசிக்கிறவங்க பாக்கியவான்கள்னு இயேசு சொல்றார். காணாமலே விசுவாசிக்கிறதுதான் நல்லதுன்னா இத்தனை அற்புதத்தை எழுதி வைக்கிறது எதுக்கு? பாஸ்டர்கிட்ட கேட்டா விசுவாசத்தால ஏத்துக்கணும் தம்பின்னு முடிச்சிட்டார். விசுவாசம் வரணும்னுதானே எழுதியிருக்கு, அதைப் படிக்கவே விசுவாசம் வேணும்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய சண்டேகிளாஸ் வாத்தி:
தம்பி நல்ல கேள்வி, இதைக் கேட்டதுக்காக யாராவது உன்னை சந்தேகப்பேர்வழின்னு சொன்னா கண்டுக்காத. உன் ஃப்ரெண்டு சொன்னதுல பாதி சரிதான், யோவான் நடுநிலையா எழுதல, அதை மறைக்கவும் இல்ல. ஆனா விளம்பரம்னு சொல்றது பொருந்தாது. ஏன்னா விளம்பரத்துல பொருளை வாங்கினவன் மட்டும்தான் வருவான், வேணாம்னு திருப்பிக் கொடுத்தவன் வரவே மாட்டான். யோவான்ல அவங்கதான் பக்கத்துக்குப் பக்கம் வர்றாங்க.

நீயே திருப்பிப் பாரு. 6ஆம் அதிகாரம், அஞ்சு அப்பம் ரெண்டு மீன், ஆம்பளைங்க மட்டுமே அஞ்சாயிரம் பேரு சாப்பிட்டாங்க. மறுநாள் தேடிட்டு வந்த கூட்டத்துகிட்ட, வயிறு நிறைய சாப்பிட்டதாலதான் என்னைத் தேடி வர்றீங்கன்னு முகத்துக்கு நேராவே இயேசு சொல்லிடுறார். அதே அதிகாரம் முடியறதுக்குள்ள சீஷர்கள்லயே நிறைய பேர் விட்டுட்டுப் போயிடுறாங்க. 11ஆம் அதிகாரத்துல லாசரு செத்து நாலு நாள் கழிச்சு எழுந்து வர்றான், அதைக் கண்ணால பாத்தவங்கள்லயே சிலர் நேரா பரிசேயர்கிட்ட (இயேசுவை எதிர்த்த யூத மதப் பிரிவினர்) போய் சொல்றாங்க, பிரதான ஆசாரியன் காய்பா, இயேசு ஒருத்தர் சாகுறது நல்லதுன்னு கணக்குப் போடுறான், அடுத்த அதிகாரத்துல லாசருவையும் சேத்துக் கொன்னுடலாம்னு ஆலோசனை! இவ்வளவு அடையாளம் செஞ்சும் அவங்க விசுவாசிக்கலன்னு 12:37ல யோவானே எழுதுறார். அற்புதத்தைக் காட்டினா ஜனங்க தன்னால நம்பிடுவாங்கன்னு நினைக்கிற ஆளு இப்படியா எழுதுவார்?

இன்னும் ஒண்ணு, 2ஆம் அதிகாரக் கடைசில அற்புதத்தைப் பாத்து நிறைய பேர் விசுவாசிச்சாங்கன்னு வரும், ஆனா இயேசு அவங்களை நம்பி இணங்கலன்னு உடனே அடுத்த வசனம். இதை வச்சு யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்ல 🙂

என் புரிதல் என்னன்னா, இந்த சம்பவங்கள் படிக்கிறவனை அந்தக் கூட்டத்துக்குள்ள கொண்டு போய் நிறுத்துது. நீ எந்தப் பக்கம்னு உன்கிட்டயே விட்டுடுது. 9ஆம் அதிகாரத்தை மட்டும் ஒரு தடவை மெதுவா வாசி. பிறவிக் குருடன், இயேசு தரையில துப்பி சேறாக்கி கண்ணுல பூசுறார், சீலோவாம் குளத்துல கழுவச் சொல்றார், பார்வை வருது. அதோட கதை முடிஞ்சிருக்கணும், ஆனா நடந்தது யூதர்கள் வேலை செய்யக் கூடாத ஓய்வுநாள்ல, அதனால அதுக்கு மேலதான் மொத்த அதிகாரமும் ஓடுது. பக்கத்து வீட்டுக்காரங்க இவன்தான் அவன்னு சிலபேர், இல்ல அவன் சாடைல இருக்கான்னு சிலபேர். அப்பா அம்மாவைக் கூப்பிட்டு விசாரிக்கிறாங்க, அவங்க ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கிடுவாங்கன்னு பயந்து, அவனுக்கு வயசாச்சு அவனையே கேளுங்கன்னு நழுவுறாங்க. பெத்த புள்ளைக்குக் கண்ணு வந்த அன்னிக்கு பேசுற பேச்சா அது! ஆனா அந்த பயம் எவ்வளவு நிஜமா இருக்கு பாரு.

அவன் எப்படி விசுவாசத்துக்கு வர்றான்னும் கவனி. முதல்ல இயேசுங்கிற ஒரு மனுஷன்னு சொல்றான். அப்புறம் தீர்க்கதரிசிங்கிறான். விரட்டி விரட்டி கேக்க கேக்க தேவனால வந்தவராத்தான் இருக்கணும்னு வாதாடி, உங்களுக்கும் அவர் சீஷராக ஆசையான்னு பரிசேயரையே கிண்டல் பண்றான், அடிச்சு வெளிய தள்ளாத குறையா தள்ளிடுறாங்க. வெளிய வந்தப்புறம்தான் ஆண்டவரே விசுவாசிக்கிறேன்னு சொல்றான். அதுக்கு முன்னாடி அவன்கிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு, "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன்". உங்க பாஸ்டர் சொன்ன மாதிரி மொத்த விசுவாசத்தோட அவன் ஆரம்பிக்கல.

வேளாங்கண்ணி பஸ்:
நான் கத்தோலிக்கன், வாத்தி அண்ணன் சொன்னதோட கொஞ்சம் சேக்குறேன். லூக்கா நற்செய்தி ஆரம்பத்தைப் பாருங்க. தியோபில்ங்கிறவருக்கு எழுதுறார் (உங்க பைபிள்ல தெயோப்பிலு). ஏற்கனவே பல பேர் எழுதியிருக்காங்க, கண்ணால கண்டவங்க சொன்னது எங்களுக்கு வந்திருக்கு, நானும் எல்லாத்தையும் விசாரிச்சேன், நீங்க கத்துக்கிட்டது உறுதின்னு தெரியணும், அதுக்காக எழுதுறேன்ங்கிறார். அதாவது அந்த ஆளுக்கு விஷயம் முன்னாடியே சொல்லிக் கொடுத்தாச்சு. எழுத்து வர்றதுக்கு முன்னாடி வாய்ச்சொல்லாதான் இருந்துச்சு. பவுல் கொரிந்தியருக்கு முதல் கடிதம் எழுதினது 50கள் நடுவுல, நாலு நற்செய்தி எழுதுறதுக்கும் முன்னாடின்னுதான் பெரும்பாலான அறிஞர்கள் சொல்றாங்க, அதோட 15ஆம் அதிகாரத்துல, நான் பெற்றுக்கொண்டதையே உங்களுக்குக் கொடுத்தேன்னு சொல்லி யார் யாருக்கு இயேசு காட்சி கொடுத்தார்னு வரிசையா சொல்றார். ஐநூறு பேருக்கு மேல ஒரே நேரத்துல, அதுல நிறைய பேர் இன்னும் உயிரோட இருக்காங்கன்னு வேற சொல்றார். போய்க் கேட்டுக்கோங்கங்கிற தொனிதான் அது.

அப்புறம் யாரும் தனியா ரூம்ல உக்காந்து படிக்கிறதுக்குன்னு இதெல்லாம் எழுதல. கி.பி. 155 வாக்குல ரோம்ல இருந்த ஜஸ்டின்ங்கிற கிறிஸ்தவ எழுத்தாளர், ஞாயித்துக்கிழமை கூடுறப்ப அப்போஸ்தலர்களோட நினைவுக்குறிப்புகளையும் தீர்க்கதரிசிகள் எழுத்தையும் நேரம் இருக்கிற வரைக்கும் வாசிப்பாங்க, அப்புறம் தலைமை தாங்குறவர் பேசுவார், அப்புறம் எல்லாரும் எழுந்து ஜெபம், அப்பமும் ரசமும்னு எழுதியிருக்கார். எங்க பூசையில இன்னிக்கும் அதே வரிசைதான். சேர்ந்து கேட்டு, சேர்ந்து சாப்பிட்டு, இல்லாதவனுக்குக் காசு சேத்து (அதையும் ஜஸ்டின் சொல்றார்), அந்தப் பழக்கத்துக்குள்ளதான் விசுவாசம் வளர்ந்துச்சு. வெறும் புக்கை மட்டும் ஒருத்தன் கையில கொடுத்து நம்புடான்னா கஷ்டம்தான்.

அரைகுறை நாத்திகன்:
சர்ச்சுல வளர்ந்தவன், இப்ப போறதில்ல, அதனால எதிர்க்கட்சி வேலையை நான் பாக்குறேன். நீங்க ரெண்டு பேரும் அழகா சொல்றீங்க, ஆனா அவன் ஃப்ரெண்டு கேட்டதை சுத்திட்டுப் போறீங்க. நோக்கம் இருந்தா அது எழுத்தை மாத்தும், இதை ஒத்துக்கணும். எருசலேம் தேவாலயத்துல காசு மாத்துறவங்க பலகையை இயேசு கவுத்தது மத்தேயு, மாற்கு, லூக்கா மூணுலயும் அவரோட கடைசி வாரத்துல வருது, யோவான்ல ரெண்டாவது அதிகாரத்துலயே வந்துடுது. ரெண்டு தடவை நடந்துச்சுன்னு சமாளிக்கலாம், இல்லன்னா யோவான் தன்னோட கருத்துக்காக முன்னாடி கொண்டு வந்துட்டார்னு நேரா சொல்லலாம். எனக்கு ரெண்டாவதுதான் நியாயமா படுது.

சீலோவாம் குளம் 2004ல எருசலேம்ல சாக்கடைக் குழாய் வேலை நடந்தப்ப படிக்கட்டோட கிடைச்சுது, எழுதினவருக்கு ஊர் தெரியும்ங்கறதுக்கு அது நல்ல ஆதாரம். ஆனா குளம் இருந்துச்சுங்கிறது வேற, கண்ணு வந்துச்சுங்கிறது வேற. யூடியூப்ல பாதி பிரசங்கம் இந்த ரெண்டையும் ஒண்ணாக்கித்தான் ஓடுது, கேக்கவே எரிச்சலா வரும்.

ஆனா ஒரு விஷயத்துல உங்க பக்கம் வர்றேன். இயேசுவைத் தெரியாதுன்னு பேதுரு மறுதலிச்சதை நாலு பேருமே எழுதியிருக்காங்க, சபைக்கே பெரிய ஆளு அவர். மாற்கு 3ல இயேசுவோட சொந்தக்காரங்களே அவருக்கு புத்தி பேதலிச்சிருச்சுன்னு பிடிச்சிட்டுப் போக வர்றாங்க. மாற்கோட பழைய பிரதிகள், 4ஆம் நூற்றாண்டு சினாய்த்திக்கஸ், வாட்டிகானஸ் ரெண்டுலயும், 16:8லயே நின்னுடுது, கல்லறையிலேர்ந்து பெண்கள் பயந்து ஓடினாங்க, யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல, அவ்வளவுதான். ஆளைச் சேக்க மட்டும் எழுதியிருந்தா இதெல்லாம் முதல் வேலையா வெட்டியிருப்பாங்க.

கடலோரத்தான்:
எல்லாருக்கும் நன்றி. நாத்திகன் அண்ணா நீங்க சொன்னதுதான் அவன்கிட்ட எடுபடும்னு தோணுது 😄 வாத்தி ஐயா, தோமா விஷயத்தை விட்டுட்டீங்களே? அப்புறம் நாலு பேரும் ஆளுக்கொரு மாதிரி எழுதியிருந்தா விசுவாசத்துக்கு அது இடைஞ்சல்தானே, ஒண்ணா சேத்திருக்கலாமே?

பழைய சண்டேகிளாஸ் வாத்தி:
சேத்தாங்க தம்பி. 170கள்ல தத்தியான்னு ஒருத்தர் நாலையும் ஒரே கதையா பின்னி எழுதினார், சீரிய மொழி பேசின சபைகள்ல ரொம்ப காலம் அதைத்தான் வாசிச்சாங்க. 5ஆம் நூற்றாண்டுல தியோடொரேத்துங்கிற பிஷப் தன் எல்லையில மட்டும் 200 பிரதிக்கு மேல இருந்ததை எடுத்துட்டு நாலு சுவிசேஷத்தையும் தனித்தனியா வச்சார். முரண்பாடு இல்லாத ஒரு புக்கு கையிலயே இருந்துச்சு, அதை வேணாம்னு முடிவு பண்ணியிருக்காங்க. நாலு சாட்சி நாலு விதமா பேசுறது அவங்களுக்கு இடைஞ்சலா தெரியலன்னுதான் நான் எடுத்துக்கிறேன்.

தோமா கேட்டதுக்கு இயேசு விரட்டல, விரலை நீட்டச் சொல்லி கையைக் காட்டினார். அடுத்த தலைமுறைக்கு அந்தக் கை கிடையாது, பாத்தவங்க சொன்னதுதான் இருக்கு. அதனாலதான் காணாம விசுவாசிக்கிறவங்கன்னு சொன்ன கையோட "நீங்கள் விசுவாசிக்கும்படியாக"ன்னு வருது, அந்த "நீங்கள்" நாமதான். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிர் இல்ல.

உன் ஃப்ரெண்டுக்கு யோவான்லேர்ந்து ஆரம்பிக்காத, அது ஏற்கனவே கொஞ்சம் கேட்டவங்களுக்கு. மாற்கு கொடு, 16 அதிகாரம்தான், ஒரே உக்காரல்ல முடிச்சிடலாம். முடிச்சிட்டு அவன் என்ன திட்டுறான்னு இங்க வந்து எழுது.