மாணவர்களின் பறவைப் பட்டியல் ஆய்வுத் தரவாகுமா?

விலங்கியல் ஆசிரியை (கேள்வி)

வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். வரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் எங்கள் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 42 பேரையும் பங்கேற்கச் செய்து, அதனை அகமதிப்பீட்டின் ஒரு பகுதியாகக் கொள்ளலாம் என்று துறைக் கூட்டத்தில் முன்மொழிந்தேன். மூத்த பேராசிரியர் ஒருவர், "பொழுதுபோக்குக்கு மதிப்பெண் கொடுப்பதா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாலும் அதற்கு என்னிடம் உறுதியான விடை இல்லை என்பதே உண்மை.

எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். மடையானையும் செண்பகத்தையும் ஆள்காட்டியையும் சிறு வயதிலிருந்தே அறிந்தவர்கள். ஆனால் ஒன்றுபோலவே தோன்றும் நீர்க்கரைப் பறவைகளான உள்ளான்களைப் பிரித்தறிய அவர்களால் இயலாது, அதில் எனக்கே தடுமாற்றம்தான். இத்தகையோர் இணையத்தில் பதிவேற்றும் பட்டியல்களை ஆய்வாளர்கள் உண்மையிலேயே பயன்படுத்துகிறார்களா, அல்லது ஆர்வமூட்டுவதற்காக வாங்கி ஓரமாக வைத்துவிடுகிறார்களா? தவறான பதிவுகளை யார் திருத்துகிறார்கள்? அத்தரவிலிருந்து அறிக்கையோ கட்டுரையோ வெளிவந்தால் மாணவர்களுக்கு அதில் என்ன இடம்? இப்பணியில் நேரடி அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால், அடுத்த துறைக் கூட்டத்தில் பேசுவதற்கு உதவியாக இருக்கும்.

ஏரிக்கரை (மறுமொழி)

வணக்கம் அம்மா. நான் கல்வித்துறையைச் சார்ந்தவன் அல்லன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். பறவைப் பட்டியல்களைப் பதிவேற்றும் ஈபேர்டு (eBird) இணையத் தளத்தில் எங்கள் மாவட்டப் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர்களில் ஒருவன் என்பதால், தவறுகளை யார் திருத்துகிறார்கள் என்ற கேள்விக்கு மட்டும் விரிவாக விடை சொல்கிறேன்.

ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும், ஒவ்வொரு பறவை இனத்துக்கும் ஓர் உச்ச எண்ணிக்கையை நாங்கள் முன்கூட்டியே வரையறுத்து வைத்திருக்கிறோம். தை மாதத்தில் 60 தகைவிலான்களைப் பதிவு செய்தால் தளம் எதுவும் கேட்காது. அதையே கோடையின் உச்சத்தில் பதிவு செய்தால், வலசை வந்த பறவை ஊர் திரும்பியிருக்க வேண்டிய காலம் என்பதால், அப்பதிவு உடனே எங்கள் பார்வைக்கு வந்துவிடும். பதிவு செய்தவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, என்ன பார்த்தீர்கள், படம் உண்டா, எவ்வளவு தொலைவில் இருந்தது என்று கேட்போம். ஐயம் தீரும் வரை அந்த ஒரு பதிவு பொதுவில் காட்டப்படாது. பட்டியலின் மற்ற பதிவுகளுக்கு அதனால் பாதிப்பில்லை. ஆண்டுக்கணக்கில் இதனைச் செய்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன், மாணவர்களின் பட்டியல்களில் வரும் தவறுகள் பெரும்பாலும் இந்தச் சல்லடையில் சிக்கிவிடும். அனுபவசாலிகள் ஆசையினால் செய்யும் தவறுகளே எங்களை அதிகம் அலைக்கழிப்பவை.

உள்ளான்களைக் குறித்து நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. இனம் தெரியாவிட்டால் "உள்ளான் வகை", "பருந்து வகை" என்று பொதுவாகப் பதிவு செய்ய அத்தளம் இடம் தருகிறது. தெரியாததைத் தெரியாது என்று எழுதிய பட்டியல் குறையுள்ள பட்டியலாகாது. உங்கள் மாணவர்கள் கற்க வேண்டியவை வேறு மூன்று பழக்கங்கள். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடங்கள் பார்க்க வேண்டும். தொடங்கிய நேரத்தையும் கால அளவையும் நடந்த தொலைவையும் சரியாகக் குறிக்க வேண்டும். கண்டும் கேட்டும் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும், காகம், மைனா உட்பட, விடாமல் எழுத வேண்டும். ஐந்து பேர் சேர்ந்து நடந்தால் ஒருவர் பட்டியலிட்டு மற்ற நால்வருடன் தளத்திலேயே பகிர்ந்துகொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் ஒரே கொக்கு ஐந்து முறை எண்ணப்பட்டுவிடும்.

இன்னொன்று. பொங்கல் விடுமுறையில் மாணவர்களைக் கல்லூரிக்கு வரவழைக்காதீர்கள், அவரவர் ஊரிலிருந்தே கணக்கெடுக்கட்டும். எங்களைப் போன்றோர் காரை எடுத்துக்கொண்டு பெயர்பெற்ற ஏரிகளுக்கும் சரணாலயங்களுக்குமே திரும்பத் திரும்பச் செல்கிறோம். அதனால் வரைபடத்தில் அந்த இடங்கள் பதிவுகளால் நிரம்பி வழிகின்றன. பக்கத்து ஊரின் கண்மாய் வெறுமையாகக் கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, நீர்நிலைகளில் நீர் நிற்கும், வலசைப் பறவைகளும் தங்கியிருக்கும் நாட்கள் அவை. 42 மாணவர்கள் எத்தனை ஊர்களிலிருந்து வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

முனைவர்பட்ட மாணவன் (மறுமொழி)

ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்களா என்ற கேள்விக்கு உங்கள் பேராசிரியரிடம் காட்டத்தக்க சான்று உண்டு. இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை முதலில் 2020-லும் பின்னர் 2023-லும் வெளிவந்தது. இரண்டாம் அறிக்கைக்கு அடிப்படை, ஏறத்தாழ 30,000 பறவை நோக்கர்கள் பதிவேற்றிய மூன்று கோடிப் பதிவுகள். ஊதியம் பெறும் களப்பணியாளர்களைக் கொண்டு இவ்வளவு தரவைத் திரட்ட எந்தப் பல்கலைக்கழகத்தாலும் இயலாது.

சிட்டுக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக் கோபுரங்களால் நாடெங்கும் அழிந்துவருகிறது என்று பள்ளி மேடைகளிலேயே பேசப்பட்ட பறவை அது. பெருநகரங்களில் குறைந்திருந்தாலும், நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 25 ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய மாற்றமின்றி நிலைத்திருக்கிறது என்பதை 2020 அறிக்கை காட்டியது. மறுபுறம், மின்கம்பியில் அமர்ந்திருக்கும் பனங்காடை குறைந்துவருகிறது என்பதை யாரும் மேடையில் பேசவில்லை. 2023 அறிக்கை, உலக அளவில் அதன் அழிவு அபாய நிலையை மறுமதிப்பீடு செய்யுமாறு பரிந்துரைத்துள்ளது.

இக்கணக்கு எவ்வாறு போடப்படுகிறது என்பதை மாணவர்களுக்கு அவசியம் விளக்குங்கள். ஒரு வட்டாரத்தில் முன்பு 100 முழுமையான பட்டியல்களுக்கு 40 பட்டியல்களில் காணப்பட்ட பறவை இன்று 100-க்கு 25 பட்டியல்களில் மட்டுமே காணப்பட்டால், அது குறைந்துவருகிறது என்று கொள்ள இடமுண்டு. ஆகவே பனங்காடை இல்லாத பட்டியலும் பனங்காடையைப் பற்றிய தரவுதான், ஆனால் அப்பட்டியல் முழுமையானதாக இருக்க வேண்டும். அரிய பறவையை மட்டும் எழுதிக் காகத்தை விட்டுவிட்டால் இக்கணக்கே நடைபெறாது. ஏரிக்கரை ஐயா காகத்தை வலியுறுத்துவதன் காரணம் இதுவே.

2023 அறிக்கை 942 இனங்களை எடுத்துக்கொண்டது. அவற்றில் நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவு கிடைத்தவை 338 இனங்கள் மட்டுமே. பங்கேற்பாளர்கள் தேவையில்லை என்று சொல்லும் நிலையில் நாம் இல்லை.

பெயர் குறித்து: பட்டியல் மாணவரின் பெயரிலேயே தளத்தில் நிலைத்திருக்கும், தரவை அவர்களே இலவசமாகப் பதிவிறக்கி ஆராயவும் முடியும். ஆனால் பல்லாயிரம் பேரின் பதிவுகளைக் கொண்டு எழுதப்படும் அறிக்கையில் ஒவ்வொருவரும் ஆசிரியராக இடம்பெறுவது நடைமுறையில் இல்லை. கணிதத்தில் இதற்கு வேறொரு தீர்வு கண்டார்கள். 2009-இல் திமோத்தி கவர்ஸ் என்ற கணிதவியலாளர் ஒரு கடினமான கணக்கைத் தம் வலைப்பதிவில் வைத்து, விரும்பியோர் சேர்ந்து தீர்க்கலாம் என்று அழைத்தார். தீர்வு கிடைத்தபோது கட்டுரை "பாலிமத்" என்ற கூட்டுப் புனைபெயரில் வெளியிடப்பட்டது. அங்கு பங்களித்தோர் சில டஜன் பேர், ஒவ்வொருவரின் கருத்தும் தேதியுடன் பதிவாகியிருந்தது. பறவைத் தரவுக்கு அது அப்படியே பொருந்தாது. உங்கள் மாணவர்கள் தங்கள் ஊர்த் தரவை மட்டும் எடுத்து, மூன்றாண்டு ஒப்பீட்டை ஒரு சிறு கட்டுரையாக எழுதினால் ஆசிரியர்கள் அவர்களே, யாரிடமும் இடம் கேட்க வேண்டியதில்லை.

மலையோரப் பள்ளி (மறுமொழி)

மேலே உள்ள இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன். மதிப்பெண் விஷயத்தில் மட்டும் என் அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது பணியாற்றிய பள்ளியில், கண்ட இனங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மதிப்பெண் என்று அறிவித்தோம். முதல் வாரம் 18 இனங்கள் எழுதிய பையன் அடுத்த வாரம் 51 இனங்கள் எழுதினான். பள்ளி நூலகத்துப் பறவைக் கையேட்டைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். மலைக்காட்டை விட்டு வெளியே வராத பறவைகளும் எங்கள் விளையாட்டுத் திடலில் வந்து இறங்கியிருந்தன. தவறு பையனுடையதன்று, எங்களுடையது. நல்லவேளை, அவை தாளோடு நின்றுவிட்டன, இணையத்தில் ஏற்றவில்லை.

ஆகவே எண்ணிக்கைக்கு மதிப்பெண் வேண்டாம். முறையாக நிரப்பப்பட்ட கள ஏட்டுக்கும், அதன் மீது மாணவர் எழுதும் இரண்டு பக்கக் குறிப்புக்கும் கொடுங்கள். பறவை ஏதும் அதிகம் தென்படாத காலையைப் பதிவு செய்த மாணவிக்கும் முழு மதிப்பெண் கிடைக்க வேண்டும்.

பறவைகளில் ஆர்வம் வராத பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்கு மரம் இருக்கிறது. 2010-இல் கேரளத்தில் தொடங்கப்பட்ட சீசன்வாட்ச் திட்டத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை அதன் தளிர், மொட்டு, பூ, காய், கனி ஆகியவை இல்லை, சில, பல என்று குறித்தால் போதும். என் வகுப்பில் பறவைப் பக்கமே திரும்பாத ஒரு சிறுமி, வாயிற்படி அருகிலிருந்த கொன்றையை இரண்டு ஆண்டுகள் ஒரு வாரமும் தவறாமல் குறித்து வந்தாள்.

முனைவர்பட்ட மாணவன் (மறுமொழி)

மலையோரப் பள்ளி ஆசிரியர் சொன்ன நிகழ்வில் புள்ளியியல் நோக்கிலும் ஒரு கேடு உண்டு. ஒரு பட்டியலில் எத்தனை இனங்கள் உள்ளன என்பதை, நோக்கர் செலவிட்ட உழைப்பின் அளவுகோலாக இந்த அறிக்கைகளில் கொள்கிறார்கள். 18 இனங்களை 51 ஆக்கினால், கற்பனையாகச் சேர்த்த 33 இனங்கள் மட்டுமல்லாமல் அப்பட்டியலில் இல்லாத ஒவ்வோர் இனத்தின் கணக்கும் கெடுகிறது. இவ்வளவு உழைத்தும் இவருக்கு அது தென்படவில்லையே என்று கணக்கு எடுத்துக்கொள்ளும்.

விலங்கியல் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. அகமதிப்பீட்டைக் கள ஏட்டுக்கும் குறிப்புக்கும் என்று மாற்றி எழுதிவிட்டேன். ஒரே ஓர் ஐயம் எஞ்சியுள்ளது. எங்கள் மாணவர் ஒருவரின் தோப்பில் ஓர் ஆந்தை கூடு வைத்திருக்கிறது. இடத்தைத் துல்லியமாகப் பொதுவெளியில் இட்டால், அதுவே அதற்குத் தீங்காகிவிடாதா?

ஏரிக்கரை (மறுமொழி)

ஆகும் அம்மா. வேட்டைக்கும் கடத்தலுக்கும் இலக்காகும் சில இனங்களின் இடத்தைத் தளமே மறைத்துவிடும். ஆனால் எல்லா ஆந்தைகளும் அவ்வகையில் அடங்குவதில்லை. எனவே கூடு பற்றிய குறிப்பையும் படத்தையும் இப்போது ஏற்ற வேண்டாம், குஞ்சுகள் பறந்த பின் சேர்த்துக்கொள்ளலாம். பட்டியலைத் தோப்பின் பெயரில் இடாமல் ஊரின் பெயரில் இட்டாலும் தரவுக்குக் குறை ஒன்றுமில்லை.

கணக்கெடுப்புக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை மாணவர்களுடன் பயிற்சிக்குச் செல்ல எண்ணினால், உங்களுக்கு அருகிலுள்ள பறவை நோக்கர் குழுவிடம் கேட்டுப் பாருங்கள். பைனாகுலர் நான்கைந்து கட்டாயம் கிடைக்கும். ஆறரை மணிக்கே கரையில் இருக்க வேண்டும் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.