கன்னங்குறிச்சி நம்ம தெரு: பாய்லர் புகை

மாடி வீட்டு அக்கா (காலை 6:12): யார் வீட்டு விறகு பாய்லர் என்று தெரியவில்லை, ஜன்னலைச் சாத்தியும் புகை உள்ளே வருகிறது. சின்னவனுக்கு ராத்திரி முழுக்க இருமல், இப்போதுதான் நெபுலைசர் வைத்தேன்.

கடைசி வீட்டு தாத்தா: என் வீடுதான் கண்ணு. நாற்பது வருஷமாகச் செப்பு பாய்லர் தண்ணீரில்தான் குளிக்கிறோம், அப்போதெல்லாம் யாரும் இருமவில்லை.

எதிர் வீட்டு தம்பி: அப்போது தெருவில் நாலு வீடு தாத்தா. அப்புறம் போன வாரம் ப்ளைவுட் துண்டு போட்டீர்களே, அந்தப் பசை நாற்றம் எங்கள் சமையலறை வரை வந்தது.

தாத்தா: நீ ஞாயிற்றுக்கிழமை வேப்பஞ்சருகைக் கொளுத்துவது மட்டும் சாம்பிராணியா?

டீச்சர் அம்மா: 😂 சரி சரி. மார்கழி விடியலில் சேர்வராயன் சரிவிலிருந்து குளிர்காற்று இறங்கித் தரையோடு படிந்துவிடும், மேலே சூடான காற்று மூடி போட்ட மாதிரி நிற்கும், சுற்றிலும் நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சேலமே ஒரு வாணலிதானே, வெயில் ஏறும்வரை புகை எங்கே போகும்? கண்ணுக்குத் தெரியும் கரியைவிட, தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு இருக்கும் பிஎம் 2.5 தூசுதான் நுரையீரலின் அடிவரை இறங்கும். ஒரு நாள் சராசரிக்கு நம் நாட்டு வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15.

டீச்சர் மகன், லண்டன்: தூக்கம் வரவில்லை, இங்கே மணி ஒன்றரை. இங்கேயும் இதே சண்டைதான். 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகை அஞ்சு நாள் ஊரை மூடி ஆயிரக்கணக்கில் செத்தார்கள், 1956இல் சட்டம் வந்தது. இப்போது வசதியானவர்களே அழகுக்கு விறகு அடுப்பு வைக்கிறார்கள். ஈர விறகைச் சின்னக் கட்டாக விற்க 2021இலிருந்து தடை. ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

தாத்தா: நான் தேங்காய் மட்டையைப் பச்சையாகத்தான் போடுகிறேன். நின்று எரியும் என்று.

டீச்சர் அம்மா: அது எரியவில்லை அண்ணா, புகைகிறது. ஈரம் ஆவியாகவே நிறையச் சூடு போய்விடும், தண்ணீரும் லேட்டாகத்தான் காயும்.

தாத்தா: காய வைக்கலாம்தான். எங்கள் வாசல் பூரா மாமர நிழல்.

மாடி வீட்டு அக்கா: எங்கள் மொட்டை மாடியில் போடுங்கள், நல்ல வெயில். தம்பி தூக்கிக்கொண்டு வருவான்.

எதிர் வீட்டு தம்பி: நான் எப்போது சொன்னேன்?