புதுப்பிப்பு: ராஜாஜி வாழ்ந்த வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தோம்

ஈரோட்டிலிருந்து கிளம்பி, ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி வீட்டையும் திருச்செங்கோடு புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தையும் அப்பாவோடு ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளச் சொன்னவர்களுக்கு நன்றி. அதுதான் சரி.

முதலில் தொரப்பள்ளி. ஓசூருக்குப் பக்கம்தான். 1878-இல் அவர் பிறந்த வீடு இப்போது அரசு நினைவில்லம். முதல் இந்திய கவர்னர் ஜெனரலாக 1948-இல் டெல்லியில் 340 அறை மாளிகைக்குப் போனவர், இந்தச் சின்ன வீட்டிலிருந்து! அப்பா வாசலைத் தொட்டுக் கும்பிட்டார்.

சேலத்தில் ராஜாஜி வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். அங்கே இறங்க நேரமில்லை.

மறுநாள் புதுப்பாளையம். என் மனசு அங்கேயேதான் இருக்கிறது. நன்றாகச் சம்பாதித்த வக்கீல், தொழிலை விட்டுவிட்டு 1925-இல் ஆசிரமம் தொடங்கி, குடும்பத்தோடு குடிசையில் தங்கியிருக்கிறார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு எல்லாம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் நடந்த வேலை.

கதர்த் துண்டு ஒன்றை அப்பா விரலால் நெருடிப் பார்த்தார். “அப்பத்தா நூத்த நூலும் இப்படித்தான் முடிச்சு முடிச்சா இருக்கும், கண்ணு” என்றார். அப்பத்தா ராட்டை சுற்றியது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.