பரிந்துரைக் கடிதம் கிடைக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். 2020இல் பெட்ரோலியப் பொறியியல் முடித்தேன். அந்த ஏப்ரலில்தான் அமெரிக்கக் கச்சா எண்ணெய் விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது. கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை வேலைக்கு ஆளே எடுக்கவில்லை. அன்றிலிருந்து தோட்டத்துச் செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் ஷிப்ட் பார்க்கிறேன்.

இப்போது சரவாக்கின் எண்ணெய் நகரமான மீரியில் ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறது, இந்த மாதக் கடைசியில். இறுதியாண்டு ஆய்வை மேற்பார்த்த விரிவுரையாளரின் கடிதம் வேண்டுமாம். பழைய கிணற்றில் கரியமில வாயுவைச் செலுத்தி மிச்ச எண்ணெயை எடுப்பது பற்றிய ஆய்வு அது. வரிக்கு வரி திருத்திக் கொடுத்தவர் அவர். ஓய்வு பெற்று ஊர் மாறிவிட்டார். முன்னாள் மாணவர் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. துறை அலுவலகத்துக்கு நேரிலேயே போனேன். அவர் நம்பரைத் தர முடியாது என்றார்கள், அது சரி; என் கடிதத்தையாவது அவருக்கு அனுப்பி வைத்திருக்கலாம்.

சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆய்வுப் பிரதி மூன்றும் கையில் உள்ளன. அதே துறையின் வேறு விரிவுரையாளர் கடிதம் கொடுத்தால் மீரி கம்பெனிகள் ஏற்றுக்கொள்கிறார்களா?