எமிஷன் டெஸ்டில் ஃபெயில் ஆன காரை முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாமா?

பல்லாவரம்வாசி:
2011 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 998 சிசி, பிஎஸ்-4 புகை விதிப்படி வந்தது. ஆர்சி அப்பா பேரில். எமிஷன் டெஸ்டில் ஃபெயில். சீட்டில் உள்ளது: ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காம இன்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 1.6%, ஹைட்ரோகார்பன் 410 பிபிஎம். ஹை ஐடிலில் (நின்னபடியே வேகத்தைக் கூட்டி வைக்கும்போது) கார்பன் மோனாக்சைடு 1.3%, லாம்டா (காத்து-பெட்ரோல் கலவை அளவு) 0.96. பதினஞ்சு வருஷ ஆர்சியும் முடியப் போகுது.

தாம்பரம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு வண்டியைக் கொடுத்துடலாம்னு அப்பா சொல்றார். டிரஸ்ட் நடத்துறது, 80ஜி (நன்கொடைக்கு வரிக்கழிவு) பதிவு இருக்கு. பொல்யூஷன் சர்டிபிகேட் இல்லாம பேர் மாத்த முடியுமா? வண்டி மதிப்புக்கு வரிச்சலுகை உண்டா? இல்ல ஸ்கிராப் போடறதுதான் சரியா?

ஃபார்ம்முப்பது:
வரி விஷயத்தை முதல்ல முடிச்சிடலாம். வண்டிக்கு 80ஜி கிடையாது. பணமா கொடுத்தா மட்டும்தான் கழிவுன்னு 1961 வருமான வரிச் சட்டத்துல அந்தப் பிரிவோட 5-ஆவது விளக்கத்திலேயே இருக்கு. அரிசி, துணி, கார் எதுவும் கணக்கில் வராது. இந்தக் கேள்வி அமெரிக்காவுல இருக்கிற சொந்தக்காரங்க சொல்லித்தான் அடிக்கடி வருது. அங்கே தொண்டு நிறுவனம் காரை வாங்கி வித்து, வித்த தொகைக்கு ரசீது கொடுக்கும். இங்கே அந்த ஏற்பாடு சட்டத்துல இல்ல.

அதனால வண்டியை நீங்களே காசாக்கி, அந்தப் பணத்தை அப்பா கணக்கிலிருந்து செக்காவோ யுபிஐயிலோ இல்லத்துக்கு அனுப்புங்க. ரொக்கம்னா 2,000 ரூபாய்க்கு மேல கழிவு இல்ல. டிரஸ்டிடம் ரசீது மட்டும் போதாது, 10பிஇங்கிற நன்கொடைச் சான்றும் கேளுங்க. நிதியாண்டு முடிஞ்சு மே 31-க்குள்ள அவங்க கொடுக்கணும். அப்பா புதிய வரி முறையில இருந்தா இந்தக் கழிவே இல்ல, மனத்திருப்திதான். சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த கார் மூலதனச் சொத்துல சேராது, அதனால வித்த பணத்துக்கு மூலதன ஆதாய வரி வராது.

வண்டியாவே கொடுக்கணும்னா பேர் மாத்தற ஃபார்ம் 29, ஃபார்ம் 30, ஆர்சி, உயிரோட இருக்கிற இன்சூரன்ஸ், பொல்யூஷன் சர்டிபிகேட் எல்லாம் வேணும். டிரஸ்ட் பக்கத்திலிருந்து டிரஸ்ட் டீட், பான் கார்டு, யார் கையெழுத்துப் போடலாம்னு ஒரு தீர்மான நகல். சர்டிபிகேட் இல்லாம இது நகராது.

ஸ்பேனர்:
பிஎஸ்-4 பெட்ரோலுக்கு ஐடில் லிமிட் 0.3%, 200 பிபிஎம். ஹை ஐடிலில் 0.2%, லாம்டா 0.97-லிருந்து 1.03-க்குள்ள. உங்க சீட்டுல முக்கியமான எண் அந்த 0.96தான். "கேட் கன்வெர்ட்டர் (சைலன்சர் வழியில புகையைச் சுத்தப்படுத்துற பாகம்) போச்சு, மாத்திடலாம்"னு ஒர்க்‌ஷாப்ல ஆரம்பிப்பாங்க, ஒத்துக்காதீங்க. கேட் நல்லா இருந்தாலும் செத்துப் போயிருந்தாலும் லாம்டா பெருசா மாறாது. 0.96-ன்னா இன்ஜினுக்குள்ள போற கலவையிலேயே பெட்ரோல் அதிகம். எரிக்க ஆக்சிஜனே இல்லாதப்ப புது கேட் போட்டும் பிரயோஜனமில்ல, அதுவும் கெடும்.

ஸ்கேனர் போட்டு ரெண்டு விஷயம் பாக்கச் சொல்லுங்க. ஒண்ணு, கூலன்ட் டெம்பரேச்சர். இருபது நிமிஷம் ஓட்டின பிறகு 85-லிருந்து 95 டிகிரி காட்டணும். 60-லயே நின்னா தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கு, இல்ல சென்சார் பொய் சொல்லுது. ரெண்டுலயும் இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர் (ஈசியூ), இன்ஜின் இன்னும் குளிர்ச்சியா இருக்குன்னு நினைச்சு பெட்ரோலைக் கூட்டும். இன்ஜின் சூடாகலைன்னா கார் ஹீட்டரும் சூடு தராது, ஆனா சென்னையில யாரும் ஹீட்டர் போடறதில்லை, அதனால இது வருஷக்கணக்கா வெளியே தெரியாது. ரெண்டாவது, லாங் டெர்ம் ஃப்யூல் டிரிம், அதாவது ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுங்கிற எண். மைனஸ் 15 மாதிரி கீழே கிடந்தா ஈசியூ குறைக்கப் பாத்தும் பெட்ரோல் வேற வழியா வருது: ஒழுகுற இன்ஜெக்டர், திறந்தே நிக்கிற பர்ஜ் வால்வு (டேங்க்கிலிருந்து பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடறது), பெட்ரோல் கலந்த இன்ஜின் ஆயில். டிரிம் பூஜ்யத்துக்குப் பக்கத்துலயோ பிளஸ்லயோ இருந்தும் புகை ரிச்சா (பெட்ரோல் அதிகமா) வந்தா முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைச் சந்தேகப்படுங்க.

ஆயில், ஏர் ஃபில்டர், பிளக் மூணையும் மாத்தி, வண்டியை நல்லா சூடாக்கி, ஆஃப் பண்ணாம நேரா டெஸ்ட் சென்டருக்குள்ள விடுங்க. ஆறின கேட் வேலை செய்யாது. அதனாலேயே ஃபெயில் ஆகிற வண்டிகள் நிறைய. ஆனா 0.96-க்கு அது காரணம் இல்ல.

பல்லாவரம்வாசி:
நன்றி. ஸ்கிராப்தான்னா, புதுப்பேட்டைப் பக்கம் ஒருத்தர் கையில காசு, மறுநாளே எடுத்துக்கறேன்னு சொல்றார். ஆர்சியில பழைய பேங்க் லோன் பேரும் இன்னும் இருக்கு, லோன் எப்பவோ முடிஞ்சது.

ஃபார்ம்முப்பது:
அந்தக் காசுல ஒரு வில்லங்கம் உண்டு. அவர் பாகம் பாகமா பிரிச்சாலும் ஆர்சி அப்பா பேர்லயே உயிரோட இருக்கும். உங்க சேஸிஸ் எண்ணையோ நம்பர் பிளேட்டையோ இன்னொரு வண்டியில ஏத்தினா போலீஸ் வர்றது பல்லாவரத்துக்குத்தான். விபத்துன்னா பதிவேட்டில் பேர் இருக்கிறவர்தான் ஓனர், இழப்பீடு அவர் பொறுப்புன்னு சுப்ரீம் கோர்ட் 2018-லேயே தெளிவாச் சொல்லிடுச்சு. "வித்துட்டேன்"ங்கிறது பதில் ஆகாது. இல்லத்துக்கு வெறும் கடிதத்தோட சாவியைக் கொடுத்தாலும் இதே கதைதான்.

2021 விதிகள்படி பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் மையத்துக்குப் போங்க. அரசு போர்ட்டலில் விண்ணப்பிக்கலாம். பொல்யூஷன் சர்டிபிகேட் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டினா 10,000 ரூபாய் வரை அபராதம், அதனால டோ வண்டிக்குச் சொல்லுங்க. வண்டியைக் கொடுத்ததும் "சர்டிபிகேட் ஆஃப் டெபாசிட்"னு ஒப்படைச்சதுக்கான சான்று வரும், குறிப்பிட்ட காலம் வரை செல்லும். புது வண்டி வாங்கும்போது அதைக் காட்டினா பதிவுக் கட்டணம் இல்ல. வேண்டாம்னா இன்னொருத்தருக்கு மாத்தியும் விடலாம். அதை வித்து வர்ற காசையும் இல்லத்துக்குச் சேர்த்துடலாம்.

அதுக்கு முன்னாடி அந்த பேங்க் பேரை எடுத்தே ஆகணும். பேங்கில் லோன் முடிஞ்சதுக்கான ஃபார்ம் 35-ம் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லைங்கிற கடிதம்) வாங்குங்க. பழைய என்ஓசி இருந்தாலும் தேதி போயிருந்தா புதுசு கேட்பாங்க. இதுலதான் பலருக்கும் இழுக்குது. இ-சலான் பாக்கியையும் பாத்துக் கட்டிடுங்க.

ஸ்பேனர்:
விலை பேசும்போது கேட் வண்டியோட இருக்கணும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் அதுலதான். கழட்டிட்டுக் கொடுத்தா எடைக்குக் காசு தர்றவங்ககூட குறைப்பாங்க. பேட்டரிக்கும் அப்படியே.

டீசல்காரி:
ஸ்பேனர் அண்ணா சொன்ன மாதிரி தெர்மோஸ்டாட்டோ சென்சாரோதான்னு தெரிஞ்சா அவசரப்பட்டு ஸ்கிராப் போடாதீங்க. ரிப்பேர் பண்ணி சர்டிபிகேட்டோட கொடுத்தா இல்லத்துக்கு ஆஸ்பத்திரி ஓட உதவும். ஆனா அவங்களைக் கேட்டுட்டுப் பண்ணுங்க. ஆர்சி புதுப்பிக்க ஃபார்ம் 25, கட்டணம் 5,000, அதோட பசுமை வரி, எஃப்சி மாதிரி நேர்ல வண்டியைக் காட்டணும். முடியற தேதிக்கு முந்தின 60 நாளுக்குள்ளதான் விண்ணப்பிக்கலாம், தாமதமானா மாசம் 500. அப்புறம் வருஷா வருஷம் இன்சூரன்ஸ், டயர், டிரைவர். நிறைய இல்லங்கள் "வண்டி வேண்டாம், அந்தக் காசைக் கொடுங்க"ன்னுதான் சொல்லும்.

ஓடாத நிலைன்னா ஐடிஐ, பாலிடெக்னிக் ஆட்டோமொபைல் பிரிவுகளைக் கேட்டுப் பாருங்க. பசங்க பிரிச்சுப் படிக்க பெட்ரோல் இன்ஜின் வாங்கிப்பாங்க. அதுக்கும் ஆர்சியை ஆர்டிஓவில் ரத்து செய்துட்டுத்தான் கொடுக்கணும்.

எந்த வழின்னாலும் இன்சூரன்ஸ் கம்பெனியில நோ கிளெய்ம் போனஸ் கடிதம் வாங்கி வைங்க, மூணு வருஷத்துக்குள்ள அப்பா பேர்ல புது வண்டி எடுத்தா பயன்படும். ஃபாஸ்டேக்கையும் மூடிடுங்க.