எட்ஜ்வாட்டர் பீச் ஓட்டலின் பழைய மெனு அட்டை: ஆண்டைக் கணிப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். சிகாகோவில் மிச்சிகன் ஏரிக்கரையில் இருந்த எட்ஜ்வாட்டர் பீச் ஓட்டலின் மெனு அட்டை ஒன்று என்னிடம் உள்ளது. மேலட்டையில் மஞ்சள் நிறக் கட்டடங்களும், அவற்றின் வாசல்வரை விரிந்த மணற்கரையும், பாய்மரப் படகுகளும் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. உள்ளே ஒட்டிய தாளில் உணவுகளும் விலைகளும் இருக்கின்றன, ஆண்டு இல்லை. ஓட்டலுக்கும் ஏரிக்கும் நடுவே நெடுஞ்சாலை தென்படாததால், இது 1950க்கு முற்பட்டது எனக் கொள்ளலாமா?

முதல் பதில்:
படத்தை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். ஓட்டல் 1916இல் திறக்கப்பட்டது. கோபுரக் கட்டடம் 1924இல் சேர்ந்தது. ஆகவே கோபுரமும் படத்தில் இருந்தால், அது 1924க்கு முந்தியதாக இருப்பது அரிது. மேல் எல்லைதான் சிக்கல். 1950களின் தொடக்கத்தில் லேக் ஷோர் டிரைவ் சாலை வடக்கே நீட்டிக்கப்பட்டு ஓட்டலைக் கரையிலிருந்து பிரித்தது உண்மையே. ஆனால் மெனு ஓவியம் விருந்தினரை ஈர்ப்பதற்காக வரையப்படுவது. கடற்கரை போன்ற அந்த மணற்பரப்பைப் பறிகொடுத்த ஓட்டல், தன் அட்டையில் சாலையை வரையச் சொல்லியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது பதில்:
மேலட்டைக்கும் உள்தாளுக்கும் ஒரே வயது இருக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்ண அச்சு செலவு மிக்கது என்பதால் பெரிய ஓட்டல்கள் மேலட்டைகளை மொத்தமாக அச்சிட்டு இருப்பில் வைத்து, விலைத்தாளை அவ்வப்போது தனியே அச்சிட்டு இணைப்பது வழக்கம். எனவே விலைத்தாளின் ஓரங்களைப் படியுங்கள். மது வகைகள் வெளிப்படையாக இருந்தால், 1920 முதல் 1933 இறுதிவரை நீடித்த மதுவிலக்குக் காலத்தை விலக்கிவிடலாம். முகவரியில் சிகாகோ என்பதை அடுத்து இரண்டு இலக்க அஞ்சல் மண்டல எண் இருந்தால் 1943க்குப் பிந்தியது. ஐந்து இலக்க ஜிப் குறியீடு 1963இல்தான் வந்தது.

கேட்டவர்:
மிக்க நன்றி. முகவரியில் "சிகாகோ 40" என்று இருக்கிறது. அடியில், விலைகள் 1943 ஏப்ரல் 4 முதல் 10 வரையிலான உச்ச விலையை மீறவில்லை என்றொரு பொடி எழுத்து வரியும் உள்ளது.

இரண்டாவது பதில்:
அந்த வரி கிடைத்தபின் விலைப்பட்டியலை ஆராய வேண்டியதே இல்லை. போர்க்கால விலை நிர்வாக அலுவலகம் உணவகங்களுக்கு விதித்த உச்சவரம்பு அந்த ஒரு வார விலைகளை அடிப்படையாகக் கொண்டது. அக்கட்டுப்பாடுகள் பெரும்பாலும் 1946இல் நீங்கின. ஆகவே உள்தாள் 1943க்கும் 1946க்கும் இடைப்பட்டது. மேலட்டை அதற்கும் மூத்ததாக இருக்கலாம்.

முதல் பதில் அளித்தவர்:
மறுபதிப்பா என்பதையும் சோதித்துவிடுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்போது கறுப்பு எழுத்துகளும் பல வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தால், அது பிற்கால நகலாகவே இருக்கும். அசலின் எழுத்துகள் திண்ணமான மையாய் இருக்கும். ஈய அச்சானால் தாளின் பின்புறம் மெல்லிய அழுத்தம் விரலுக்குத் தட்டுப்படும். எக்காரணம் கொண்டும் உள்தாளைப் பிரித்தெடுக்காதீர்கள், இரண்டும் சேர்ந்திருப்பதுதான் இதன் மதிப்பு.